ஆண்டு விழா ஒழுங்குக் குழு உங்கள் தலையில் விழுந்தால்

ஆண்டு விழாவுக்குக் குழு பிரிக்கும் கூட்டத்தில் மேடை, பரிசு, உணவு, வரவேற்பு எல்லாவற்றுக்கும் ஆள் உடனே கிடைத்துவிடும். தலைமையாசிரியர், அதாவது எச்.எம்., கடைசியாக ‘ஒழுங்குக் குழு’ என்று வாசிக்கும்போது எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். எங்கள் பள்ளியில் அது என் பக்கம். நான் பி.டி. டீச்சர். கழுத்தில் விசில் தொங்குகிறதே, அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

கோவில்பட்டிப் பக்கத்தில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸிலும் சைக்கிளிலும் பிள்ளைகள் வருகிறார்கள். இந்த வேலையைப் பல வருஷமாகப் பார்ப்பவள் என்ற முறையில், இந்த வருஷம் புதிதாக மாட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரம்பு எத்தனை வாங்க வேண்டும் என்று தேடி வந்திருந்தால், மன்னிக்கவும், அது இதில் இல்லை. கடிகாரம் பற்றித்தான் நிறைய இருக்கிறது.

முதலில் அழைப்பிதழைப் பாருங்கள். விசில், கூச்சல், தள்ளுமுள்ளு எல்லாம் எந்த நேரத்தில் தொடங்கும் என்பதை அழைப்பிதழை வைத்தே சொல்லிவிடலாம். விழா நான்கு மணிக்கு என்று போட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் ஐந்தரைக்கு வருவார். பிள்ளைகளை மூன்று மணிக்கே வெயிலில் வரிசையாக உட்கார வைத்திருப்போம். பிறகு வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை, வாழ்த்துரை ஏழு பேர், தலைமையுரை, சிறப்புரை. முதல் நடனம் மேடையேற ஏழு மணியாகிவிடும். இலை போட்டுப் பந்தியில் உட்கார வைத்துவிட்டு, சோறு வைக்காமல் சமையற்காரரின் பெருமையை இரண்டு மணி நேரம் சொன்னால் எவன் சும்மா இருப்பான்? பெரியவனாக இருந்தால் எழுந்து போய்விடுவான். பிளஸ் ஒன் பையனால் அப்படிப் போக முடியாது, அதனால் விசிலடிக்கிறான்.

ஆகவே ஒழுங்குக் குழுவின் முதல் வேலை நிகழ்ச்சி நிரலில் கை வைப்பதுதான். ‘அது நம்ம வேலை இல்லையே’ என்று ஒதுங்காதீர்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே எச்.எம். அறைக்குப் போய் உட்காருங்கள். நான் கேட்பது மூன்று விஷயம். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் குறித்த நேரத்தில் ஆறாம் வகுப்பு நடனத்தோடு விழா தொடங்க வேண்டும். பொன்னாடை, சந்தன மாலை, நினைவுப் பரிசு எல்லாம் எச்.எம். அறையிலேயே முடிந்துவிட வேண்டும். வாழ்த்துரை இரண்டுக்கு மேல் கூடாது, அதுவும் நடனங்களுக்கு நடுவில் ஒன்றொன்றாக வர வேண்டும்.

மூன்றாவதுதான் கஷ்டம். பெற்றோர் ஆசிரியர் கழகத்து அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். ‘டீச்சர், பந்தலுக்கு நான் துட்டு குடுத்திருக்கேன், ரெண்டு வார்த்த பேசப்படாதா?’ என்பார். ‘தாராளமா பேசுங்க அண்ணாச்சி. பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்குப் பரிச உங்க கையால குடுத்துட்டு, அந்த மைக்கிலேயே ரெண்டு வார்த்த சொல்லிருங்க’ என்பேன். பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு முன்னால் யாரும் இருபது நிமிஷம் பேசுவதில்லை. எங்கள் அண்ணாச்சிக்கும் இப்போது அது பிடித்துப்போய்விட்டது. படத்தில் கையில் எவர்சில்வர் தட்டோடும் பக்கத்தில் சிரிக்கும் பிள்ளைகளோடும் விழுகிறாரே.

பரிசு வழங்குவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயரை வாசித்த பிறகு அந்தப் பிள்ளை கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து, செருப்பைத் தேடி, கால்களை மிதித்துக்கொண்டு மேடைக்கு வந்தால் ஒரு பரிசுக்கு ஒரு நிமிஷம் போகும். நூறு பரிசு இருந்தால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேடைக்கு இடது பக்கம் ஒரு பெஞ்ச் போடுங்கள். பட்டியல் வரிசைப்படியே பத்துப் பத்துப் பேராக முன்கூட்டியே அங்கே வந்து உட்காரட்டும். இடது படியில் ஏறி, வலது படியில் இறங்க வேண்டும். பட்டியலின் இரண்டாவது பிரதி பெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். வராத பிள்ளையின் பெயரை அவர் அடித்துவிட்டு மைக்கில் பெயர் வாசிப்பவரிடம் கை காட்டினால், ‘எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்’ என்ற அறிவிப்பே வேண்டியிருக்காது. அந்த அறிவிப்புக்குத்தான் பின்னாலிருந்து ‘ஓஓஓ’ என்று பதில் வரும்.

தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிப்பதிவாகப் போடாதீர்கள், பிள்ளைகளே பாடட்டும். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையும் அப்படித்தான் சொல்கிறது. பாடுவதற்கு 55 விநாடி ஆகும். அந்த 55 விநாடியும் பிள்ளைகள் சிலையாக நிற்பார்கள். மேடையில் ஒருவர் போனை எடுத்துக் காதில் வைப்பார். இதையும் விருந்தினரிடம் முன்னாலேயே சொல்லலாம், தப்பில்லை. ‘போனை சைலண்டில் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா’ என்று எச்.எம். அறையில் காபி கொடுக்கும்போது சொன்னால் யாரும் கோபிப்பதில்லை.

அடுத்து உட்கார வைப்பது. சின்ன வகுப்புகள் முன்னால் ஜமுக்காளத்தில், நடு வகுப்புகள் அதற்குப் பின்னால், மேல்வகுப்புகள் நாற்காலியில் என்பது எல்லாப் பள்ளியிலும் உள்ளதுதான். செய்யக்கூடாத ஒன்று இருக்கிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பையன்களைக் கடைசியாக வேப்பமரத்தடி இருட்டில் விட்டுவிடாதீர்கள். அங்கே விளக்கு இருக்காது, ஆசிரியர் இருக்க மாட்டார், மேடையும் தெரியாது. பக்கத்திலேயே காம்பவுண்டுச் சுவர் இருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் போன வருஷம் முடித்துப் போனவர்கள் பைக்கில் உட்கார்ந்திருப்பார்கள். மேல்வகுப்புப் பையன்களை மேடைக்கு வலப் பக்கம், விளக்கு வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். ஆசிரியர்கள் ஓரமாகக் கைகட்டி நின்று முறைப்பதைவிட, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒருவராகப் பிள்ளைகள் நடுவிலேயே உட்கார்ந்துவிடுவது நல்லது. பக்கத்தில் கணக்கு சார் உட்கார்ந்து அதே நடனத்துக்குக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது எவனுக்கும் விசிலடிக்கத் தோன்றாது.

கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு வேண்டும், அங்கே ஒரு ஆசிரியையும் நிற்க வேண்டும். குடிதண்ணீர் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். இதெல்லாம் உபசாரம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று நாற்பது பேர் எழுந்து போனால் உங்கள் வரிசை அங்கேயே கலைந்துவிடும்.

வகுப்பில் அதிகம் வம்பு செய்யும் ஏழெட்டுப் பையன்கள் உங்களுக்கே தெரியும். பெரும்பாலும் அவர்களை ‘விழா அன்னைக்கு வராதே’ என்று மிரட்டுவார்கள். வராமல் இருக்கவா போகிறான்? சுவர் ஏறி வருவான். நான் அவர்களுக்கு முதல் நாளே வேலை கொடுத்துவிடுவேன்: மைக் செட் வயர் மேல் யாரும் நடக்காமல் பார்ப்பது, சைக்கிள் ஸ்டாண்டு, ஊர்க்காரப் பாட்டிமார்களுக்கு நாற்காலி போடுவது, நடனக்காரர்களை மேடைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்துவது. சட்டையில் பேட்ஜ் குத்திவிட வேண்டும். ஜே.ஆர்.சி. (இளையோர் செஞ்சிலுவை), என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பிள்ளைகளுக்கு மட்டும்தான் பேட்ஜ் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒன்று, வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ‘சும்மா அங்க நில்லு’ என்று சொன்னால் அவனுக்கும் தெரிந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே வேலைகளைக் கொடுங்கள். புடவை கட்டி, பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் வாசலில் நிற்பதற்கு மட்டும் பிளஸ் டூ பெண்களைத் தேடும் பழக்கத்தை எங்கள் பள்ளியில் நிறுத்திவிட்டோம். வருகிறவர்களை நானும் தமிழ் சாரும்தான் வரவேற்கிறோம். ஒரு மணி நேரம் தாமதமாக வரும் விருந்தினருக்காகப் பரீட்சைக்குப் படிக்கிற பெண் எதற்கு நிற்க வேண்டும்?

இனி பாட்டு. சண்டை பாதி இங்கேதான் பிறக்கிறது. விழாவுக்குப் பத்து நாள் முன்பே பாட்டுப் பட்டியல் கைக்கு வந்துவிட வேண்டும். பெயரைப் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள், முழுப் பாட்டையும் வரி வரியாகக் கேளுங்கள். சாதிப் பெருமை, கட்சி, பெண்ணை இழிவாகச் சொல்வது, குடி, அரிவாள் இதில் எது இருந்தாலும் அந்தப் பாட்டு கிடையாது. பல பாட்டுகளை ஒட்டி வெட்டிக்கொண்டு வருவார்கள். நடுவில் பதினைந்து விநாடி எங்கள் பகுதியில் எல்லோருக்கும் அர்த்தம் தெரிந்த ஒரு பாட்டு நுழைந்திருக்கும். அந்தப் பதினைந்து விநாடிக்குத்தான் கூட்டத்தில் ஒரு பக்கம் எழுந்து துண்டு சுற்றும், மறுநாள் பஸ் ஸ்டாண்டில் அடிதடி நடக்கும். ஒப்புதல் ஆனவற்றை ஒரே பென் டிரைவில், வரிசை எண் போட்டு, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ‘டீச்சர், இந்தப் பாட்ட மட்டும் மாத்திக்கிடுதோம்’ என்று கடைசி நேரத்தில் வந்தால் இல்லை என்பதுதான் பதில்.

ஒத்திகையும் பென் டிரைவும் கச்சிதமாக இருந்தாலும் மைக் செட் அண்ணனை மறந்துவிடாதீர்கள். மதியம் குழாய் கட்டிச் சோதித்துப் பார்க்கும்போதும், நிகழ்ச்சிக்கு நடுவில் இடைவெளி விழும்போதும் அவர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போடுவார். கல்யாண வீடு, கோயில் கொடை, பள்ளிக்கூடம் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். முன்பணம் கொடுக்கும்போதே ‘நாங்க குடுக்கிறத மட்டும் போடணும்’ என்று பேசிவிடுங்கள்.

கயிறு விஷயத்தை எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். கையில் கட்டும் வண்ணக் கயிற்றின் நிறத்தை வைத்தே யார் என்ன சாதி என்று பிள்ளைகள் படித்துவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு போட்டது. 2024 ஜூனில் வந்த அறிக்கையின் பரிந்துரைகளில் இந்தக் கயிற்றுக்கும் மோதிரத்துக்கும் தடை உண்டு. விழா அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். அது ஒரு பெரிய காட்சியாகி, அதுவே சண்டைக்குக் காரணமாகும். ஒரு வாரம் முன்பு காலை வணக்கத்தில் எச்.எம். பொதுவாகச் சொல்லட்டும். அடுத்த நாள் வகுப்பாசிரியர் ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டும். பெரும்பாலானவர்கள் கழற்றிவிடுவார்கள். கழற்றாதவன் வீட்டில் பேசிப் பார்த்தால், கட்டிவிட்டதே மாமனோ சித்தப்பாவோ என்று தெரியவரும். இதே விதி பெரியவர்களுக்கும் உண்டு. கட்சித் துண்டு, சங்கத் துண்டு, தலைவர் படம் போட்ட டி-ஷர்ட் எதுவும் பந்தலுக்குள் வரக்கூடாது. இதைச் சொல்ல ஆசிரியரைவிட, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள உள்ளூர்க்காரர்கள்தான் சரி. இரண்டு பேரை கேட்டில் நிறுத்துங்கள். வருகிறவன் யார் வீட்டுப் பையன் என்று அவர்களுக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும், ‘ஏலேய், ஒங்கய்யாட்ட சொல்லவா?’ என்ற ஒரே வரியில் வேலை முடியும்.

ஒத்திகை, பாட்டு எல்லாம் சரிபார்த்த பிறகும் எங்களுக்குள் வருஷா வருஷம் ஒரு வாக்குவாதம் வரும். பிள்ளைகள் எழுந்து ஆடலாமா? மேடையில் குத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, கீழே கைகட்டி வாய்பொத்தி உட்காரச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்பதுதான் என் கட்சி. பந்தலின் வலது ஓரத்தில் கயிறு கட்டி ஓரிடம் ஒதுக்கிவிடுவேன். கடைசி நான்கு நடனங்களுக்கு மட்டும் பையன்கள் அங்கே நின்று ஆடலாம். தோளில் தூக்கக் கூடாது, சட்டையைக் கழற்றக் கூடாது, நான் கையைத் தூக்கினால் நிற்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இடது ஓரத்தில் அப்படி ஓரிடம். அந்த இடத்தைக் கொடுத்ததிலிருந்து மேடைக்கு முன்னால் தள்ளுமுள்ளு வருவதில்லை. வருகிறதென்றால், தன் பிள்ளையைப் படம் பிடிக்க போனோடு பாயும் பெற்றோரால்தான். அவர்களுக்கும் மேடைக்கு நேர் எதிரே ஒரு கட்டம் வரைந்து, அந்தந்த நடனத்துப் பெற்றோர் மட்டும் வந்து எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று அறிவித்துவிடுங்கள். சம்பந்தமில்லாத ஆள் பெண் பிள்ளைகளைப் படம் பிடித்தால் அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள், மறுத்தால் போலீஸ்தான். இதில் தாட்சண்யம் பார்க்கக் கூடாது.

இவ்வளவு செய்தும் ஒருவன் விசிலடிப்பான், இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள். அப்போது என்ன செய்வது?

மைக்கில் திட்டாதீர்கள். ‘அந்த பிளஸ் ஒன் பி பிரிவு பசங்க, யாருன்னு எனக்குத் தெரியும்’ என்று மைக்கில் சொன்னால் அவர்களுக்கு இலவச விளம்பரம்தான். நடந்து போங்கள். அவன் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். ‘என்னடே, யாரு ஆடுதா, உங்க ஊர்ப் பிள்ளையா?’ என்று கேளுங்கள். மறுபடியும் செய்தால் எழுப்பிக் கூட்டிப்போய் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். மோதல் என்றால் இரண்டு பேரையும் இரண்டு அறைக்குப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசிரியரைத் துணைக்கு வையுங்கள். விசாரணை, சமாதானம், ‘கை குடுங்கடா’ எதுவும் அன்றைக்கு வேண்டாம். மறுநாள் காலையில் பெற்றோரை வைத்துப் பேசலாம். ராத்திரியில் கோபத்தோடு தனியாக வீட்டுக்கு அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து.

அடிக்கக் கூடாது. பெற்றோரே வந்து ‘கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்’ என்பார்கள். அவர்கள் சம்மதம் கொடுத்தாலும் சட்டம் கொடுக்கவில்லை. 2003-லேயே தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையை எடுத்துவிட்டார்கள். 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 உடல் தண்டனையோடு மன உளைச்சல் கொடுப்பதையும் தடுக்கிறது. அது பதினான்கு வயது வரைக்கும்தானே என்று ஒரு சார் கேட்டார். பதினெட்டு வரைக்கும் இளைஞர் நீதிச் சட்டம் 2015 இருக்கிறது. அதன் பிரிவு 75-இல் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. முட்டி போட வைப்பது, தோப்புக்கரணம், எல்லார் முன்னாலும் அவன் அப்பன் தொழிலைச் சொல்லித் திட்டுவது எதுவும் இதற்கு வெளியே இல்லை. சட்டத்தை விடுங்கள், விழாக் கூட்டத்தில் ஒருவனை அடித்தால் அவன் சிநேகிதர்கள் இருபது பேர் எழுவார்கள், யாரோ அதைப் போனில் எடுத்துக்கொண்டும் இருப்பான்.

பையனிடம் சாராய வாடை வந்தால், உதட்டில் ஹான்ஸ் புகையிலை இருந்தால், சத்தமில்லாமல் ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போங்கள். தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குப் போன் போட்டு, பெற்றவர் கையில் ஒப்படையுங்கள். சிநேகிதன் பைக்கில் ஏற்றிவிடாதீர்கள். விற்றவனையும் மறக்க வேண்டாம். பள்ளிக்கு நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-லிருந்து சட்டம் இருக்கிறது. விழா அன்றைக்கு கேட்டுக்கு எதிரே முளைக்கும் தள்ளுவண்டியை மதியமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

முடிக்கும் நேரம் எட்டு மணி. ஒலிபெருக்கிக்குச் சட்டப்படி இரவு பத்து வரை நேரம் இருக்கலாம், பஸ்ஸுக்கு இல்லை. எங்கள் பக்கத்து ஊர்களுக்குக் கடைசி டவுன் பஸ் எட்டே முக்காலுக்கு. நாட்டுப்பண் முடிந்ததும் எல்லோரையும் ஒரே கேட் வழியாக விட்டால் இருட்டில் எந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று தெரியாது. ஊர் ஊராகப் பிரித்து அனுப்புங்கள். முதல் நாளே ஊர்ப் பெயர், பிள்ளைகள் பெயர், கூட்டிப்போகும் பெரியவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதிவிட வேண்டும். மைக்கில் ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டும் எழ வேண்டும். பஸ் பிள்ளைகளோடு ஓர் ஆசிரியர் ஸ்டாப் வரை போக வேண்டும். ஆள் வராத பெண் பிள்ளைகள் எச்.எம். அறையில் இருக்கட்டும், கடைசிப் பிள்ளை போன பிறகுதான் நாம் வீட்டுக்குப் போக முடியும். பதினெட்டு ஆகாதவன் பைக்கில் வந்திருந்தால் சாவியை வாங்கி வைத்து, அப்பாவை வரச் சொல்லுங்கள். ‘ஒருநாள்தானே டீச்சர்’ என்பார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 25,000 ரூபாய், ஜெயிலும் வண்டி கொடுத்த அவருக்குத்தான் என்று சொன்னால் குரல் இறங்கும்.

மறுநாள் மைதானம் குப்பையாகக் கிடக்கும். நாற்காலி அடுக்குவதும் காகிதம் பொறுக்குவதும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து முதல் பாட வேளையில் செய்யலாம். கழிப்பறைக்குக் கூலி ஆள் வையுங்கள், அந்தத் தொகையை விழாச் செலவுக் கணக்கில் முதலிலேயே எழுதிவிடுங்கள். முந்தின நாள் பிரித்து வைத்த சண்டைக்காரர்களின் பெற்றோரைப் பதினொரு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் அதற்கு முன் வர முடியாது, வந்தால் ஒரு நாள் கூலி போய்விட்டது என்ற கோபத்தோடுதான் வருவார்கள்.